ரூம்மேட் பாதியில் காலி செய்தால் வாடகை யார் தலையில்?

சிவகாசியில் தீபாவளி முடிந்தால் பட்டாசு வேலை மந்தமாகிவிடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்த பிறகு, பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடியே கிடந்தன. அப்படி ஒரு நேரத்தில் உங்க ரூம்மேட், "வேலை இல்லடா மாப்ள, ஊருக்குப் போறேன்"னு பையைத் தூக்கினால்? அக்ரிமென்ட் முடிய இன்னும் ஐந்து மாசம் இருக்கே!

ஓனர் யாரைக் கேட்பார்?

மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, 9,000 ரூபாய் வாடகைக்கு வீடு எடுத்திருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். ஆளுக்கு 3,000 என்பது உங்களுக்குள் போட்ட கணக்கு. அக்ரிமென்ட்டில் அப்படிப் பிரித்து எழுதாவிட்டால், முழு வாடகையையும் உங்களில் யாரிடம் வேண்டுமானாலும் ஓனர் கேட்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 43-வது பிரிவு இதைச் சொல்கிறது. அதே பிரிவு உங்களுக்கும் கைகொடுக்கும்: முழுசாகக் கட்டியவர், மற்றவர்களிடம் சம பங்கு கேட்கலாம், கிளம்பிப்போனவரிடமும்தான்.

ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மற்றவர்களிடம் பங்கு கேட்க ஜிபே பதிவுகளும் வாட்ஸ்அப் மெசேஜ்களும் உதவும். டெலீட் பண்ணிடாதீங்க!

அட்வான்ஸ் என்னாகும்?

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஆனால், பாதியில் போகிறவர் பங்கை மட்டும் ஓனர் பிரித்துத் தருவது அபூர்வம். புதிதாக வருபவர் அந்தப் பணத்தைப் போகிறவரிடம் கொடுப்பதுதான் வழக்கம். அதையும் எழுதி வாங்கிக்கோங்க. ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் புது ஆளை உள்ளே விடாதீங்க. உள்வாடகைக்கு விட்டதாகப் பிரச்னை வரலாம்.

கிளம்பும் முன்...

* அக்ரிமென்ட்டில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பாருங்க.
* அதுவரை உங்க பங்கைக் கட்டுங்க. கரன்ட் பில், தண்ணீர் கட்டணத்தையும் சேர்த்து.
* ஓனரிடம், 'இவருக்கு இனி பொறுப்பில்லை' என்று எழுதி வாங்குங்க. வாய்வார்த்தை செல்லாது.

இருப்பவர்களுக்கும் ஒன்று: வேலை போய்க் கிளம்புகிறவரிடம் ஒரே தடவையில் மொத்தத்தையும் கேட்காதீங்க. இரண்டு, மூன்று தவணையாகப் பிரித்துக்கொண்டால் பணமும் வரும், நட்பும் மிஞ்சும்.