மெக்பி2 பொதுத் தூண்டியா? ரெட் நோய்க்குறிக் குருத்தணுச் சான்றின் மறுவாசிப்பு

மெக்பி2 புரதத்தை இழந்த மனித நரம்பணுக்களில் மொத்த ஆர்.என்.ஏ. குறைகிறது. இதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குறைவைக் கொண்டே மெக்பி2 நரம்பணுவின் மரபணுக்களைப் பரவலாகத் தூண்டும் புரதம் என்று முடிவுகட்டி, அப்புரதத்தின் மரபணு பிறழ்வதால் பெரும்பாலும் சிறுமிகளைத் தாக்கும் ரெட் நோய்க்குறியைத் தூண்டலின் இழப்பாக விளக்கும் ஆய்வுப் போக்கை என்னால் ஏற்க இயலவில்லை. அப்போக்குக்குப் பெருந்துணையாக நிற்பது ருடால்ஃப் யேனிஷின் ஆய்வுக்குழு 2013இல் வெளியிட்ட மனிதக் கருக் குருத்தணு ஆய்வு. அதன் அளவீடு உறுதியானது. அதன்மேல் ஏற்றப்பட்ட பொருளே தளர்வானது.

அளவீடு ஏன் உறுதியானது? நோயாளியின் தோலணுவைக் குருத்தணுவாக மாற்றி இன்னொருவரின் அணுவோடு ஒப்பிட்டால், இருவரின் மரபணுப் பின்னணி வேறுபாடு முழுவதும் கணக்கில் கலந்துவிடும். சிறுமிகளின் அணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் எது முடங்கியது என்ற சிக்கலும் சேரும். இந்த ஆய்விலோ ஒரே குருத்தணு வழியில் மெக்பி2 மரபணு மட்டுமே சிதைக்கப்பட்டது. ஆர்.என்.ஏ.வும் அணு ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. வழக்கமான முறையில் இருதரப்பிலும் சம அளவு ஆர்.என்.ஏ. எடுத்து ஒப்பிடுவர். இரண்டு குதிரிலிருந்தும் ஒவ்வொரு மரக்கால் நெல் அள்ளிப் பார்த்தால் எந்தக் குதிர் வற்றியது என்று தெரியாது. அம்முறையில் தயாரான 'ஏறிய மரபணுக்கள், இறங்கிய மரபணுக்கள்' பட்டியல்கள் பலவற்றை ரெட் இலக்கியம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. அவற்றை நான் சான்றாகக் கொள்ளவில்லை.

இனிப் பொருள். அதே ஆய்வில் மெக்பி2 இல்லாத நரம்பணுக்கள் உருவிலும் சிறுத்திருந்தன. அணு சிறுத்தால் அதன் மொத்த ஆர்.என்.ஏ.வும் குறைவது உயிரணுவியலில் எதிர்பார்க்கத்தக்கதே. அப்படியானால் அணு ஒன்றுக்கான குறைவு, படியெடுப்பு நேரடியாகத் தளர்ந்ததைக் காட்டுகிறதா, வளராத அணுவின் சிறுமையைக் காட்டுகிறதா? அணுவின் எண்ணிக்கையால் வகுத்த கணக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. பருமனாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வின் இன்னொரு முடிவு என் ஐயத்தை வலுப்படுத்துகிறது. அந்த அணுக்களில் புரத ஆக்கமும் ஏ.கே.டி.–எம்டார் சமிக்ஞை வழியும் மங்கியிருந்தன. வளர்ச்சிக் காரணிகளை ஊட்டியோ, பி.டென் புரதத்தைக் குறைத்தோ அவ்வழியை உயிர்ப்பித்தபோது, மெக்பி2 திரும்பாமலேயே புரத ஆக்கம் உயர்ந்தது, நோய்க்கூறுகளும் தணிந்தன. வளர்ச்சி வழியின் முடக்கமே குறைவின் பெரும்பகுதியை உண்டாக்குகிறது என்று கொள்ள இது இடம் தருகிறது. நிறுவிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் 'பொதுத் தூண்டி' என்ற கருத்தில்லாமலே தரவு முழுவதையும் விளக்க முடிகிறது. நரம்பணுவின் முன்னோடி அணுக்களில் இக்குறைவு தென்படவில்லை என்பதைத் தூண்டலுக்கு ஆதரவாகக் காட்டுவதுண்டு. மெக்பி2 பெருகுவதும், அணு பருத்துக் கிளைவிடுவதும் நரம்பணு முதிரும் கட்டத்தில்தான். ஆகவே அது இரு வாசிப்புக்கும் சமமாகவே பொருந்தும்.

எதிர்ச்சான்று வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஏட்ரியன் பேர்டின் எடின்பரோ ஆய்வுக்குழு 2013இல் காட்டியபடி, 306ஆம் இடத்து ஆர்ஜினின் சிஸ்டீனாக மாறினால் மெக்பி2, என்கோர்–ஸ்மர்ட் என்னும் ஒடுக்கும் புரதத் தொகுதியைப் பற்ற முடியாமல் போகிறது. ரெட் நோய்க்குறியை உண்டாக்கும் ஒற்றை அமினோ அமில மாற்றங்கள் பெரும்பாலும் இரண்டே இடங்களில் குவிகின்றன: மெத்தில் ஏறிய டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதி, இந்த ஒடுக்கித் தொகுதியைப் பற்றும் பகுதி. 2017இல் அதே குழு, இவ்விரு பகுதிகளை வைத்துக்கொண்டு மற்றவற்றில் பெரும்பங்கை நீக்கிய குறும்புரதமே எலிகளை ரெட் போன்ற கடும் நோயிலிருந்து காக்கப் போதுமென்று காட்டியது. பொதுத் தூண்டலே முதன்மைப் பணியென்றால் இந்தக் குவிவை எப்படி விளக்குவது? இவை எலித் தரவுகள், மனித நரம்பணு வேறு என்பார்கள். பிறழ்வுகளின் இடக்குவிவு எலியிடம் கிடைத்ததன்று. நோயுற்ற சிறுமிகளிடம் கண்டது. அந்த மறுப்பில் இதற்குமேல் நின்று பேச எதுவுமில்லை.

இது வெறும் பெயர்ச் சண்டையும் அன்று. மரபணுச் சிகிச்சைக்குப் பயன்படும் ஏ.ஏ.வி. வைரஸில் இடம் குறைவு. மெக்பி2 அளவுக்கு மீறினாலும் மூளை பாதிக்கப்படும் என்பதை மெக்பி2 இரட்டிப்பு நோய்க்குறி உணர்த்துகிறது. புரதத்தின் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை நாம் கொள்ளும் விளக்கமே தீர்மானிக்கும். தவறான விளக்கத்தின் விலையைக் கொடுக்கப்போவது அந்தக் குழந்தைகள்.

தீர்க்கும் சோதனை கைக்கெட்டும் தொலைவில்தான் உள்ளது. குருத்தணுவிலிருந்து வளர்த்து முதிரவிட்ட நரம்பணுக்களில் மெக்பி2ஐ ஒருசில மணி நேரத்துக்குள் சிதைத்து, அணு சிறுக்கத் தொடங்கும் முன்பே, புதிதாகப் படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வை அளக்க வேண்டும். உடனே பரவலாக வீழ்ந்தால் நான் சொன்னது தவறு. மெத்தில் செறிந்த மரபணுக்கள் முதலில் சற்றே ஏறி, மொத்தக் குறைவு நாட்கள் கழித்து, அணு சிறுப்பதோடு சேர்ந்து வந்தால், 'பொதுத் தூண்டி' என்ற விளக்கத்தைக் கைவிடலாம். இரண்டாவதையே எதிர்பார்க்கிறேன்.