நரி வெங்காயத்தின் சரித்திரம்

செஞ்சிக்காரன் என்று சொன்னதுமே எல்லோரும் ராஜா தேசிங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம். ராஜாவைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் இன்று ஒரு வெங்காயத்தின் சரித்திரம் சொல்லப் போகிறேன். சிரிக்காதீர்கள் :-)

சின்ன வயதில் எங்கள் மானாவாரி நிலத்தை ஒட்டிய கரட்டில் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்தேன். பார்க்க அசல் வெங்காயம். அடுக்கடுக்காக உரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஆயா கையைத் தட்டிவிட்டார். "அது நரி வெங்காயம்டா! கண்ணுல கை வெக்காத, போய்க் கழுவு!" அதற்குள் விரலெல்லாம் அரிப்பு. அதே கிழங்கைச் சுட்டுத்தான் ஆயா கால் ஆணிக்கு வைத்துக் கட்டுவார்.

நரிப்பயறு, பேய்ப்புடல் மாதிரிதான் இந்தப் பெயரும். நம்முடையது போலவே இருக்கும், ஆனால் நம்முடையது அல்ல என்று அர்த்தம். உண்மையில் இது வெங்காயமே இல்லை. இன்றைய தாவரவியல் இதைத் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில் வைக்கிறது. இப்போதைய அறிவியல் பெயர் டிரிமியா இண்டிகா. இதை முதலில் அறிவியல் முறையில் விவரித்தவர் 1776-ல் சென்னைக்கு வந்த கம்பெனி மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க்.

வெள்ளைக்காரருக்கு இதில் என்ன அக்கறை? மத்தியதரைக் கடல் கரைகளில் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் உண்டு. பெயர் ஸ்குவில். முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ் அதைப் பற்றி எழுதிவிட்டார். காடியிலும் தேனிலும் சேர்த்து இருமலுக்குக் கொடுப்பார்கள். உடம்பில் நீர் கோத்து வீங்கினாலும் அதுதான் மருந்து. அதைக் கப்பலில் இங்கே கொண்டுவருவதை விட, இங்கேயே பாறை இடுக்கில் கிடப்பதை எடுத்துக்கொள்வது லாபம் இல்லையா? 1900-ல் பிரிட்டிஷ் மருந்து நூலுக்கு வெளிவந்த இந்திய, காலனி இணைப்பில் நரி வெங்காயத்துக்கு இடம் கிடைத்தது. 1914 பதிப்பில் மூல நூலுக்குள்ளேயே வந்துவிட்டது.

பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு இது பொருளாதாரப் பாடமாகத் தெரிகிறது. இதைப் பதிலீட்டுப் பண்டம் என்போம். காபி விலை ஏறினால் டீ விற்கும். காபி, டீ இரண்டுமே வேண்டாம் என்று ஆகிவிட்டால்? அதுதான் நடந்தது. இதயத்துக்கும் இருமலுக்கும் அளவு துல்லியமான வேறு மருந்துகள் வந்தன. ஸ்குவில் ஓரம்கட்டப்பட்டது, கூடவே அதன் இந்தியத் தம்பியும். இந்தச் செடிக்கு இன்னொருவரின் இடத்தில் நிற்கும் வரைதான் மதிப்பு. அதற்கென்று சொந்தமாக என்ன மதிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். கோடையில் எல்லாச் செடியும் காயும்போது, ஓர் இலை கூட இல்லாமல் இது பூந்தண்டை நீட்டுகிறது. சாயங்காலத்துக்குப் பிறகுதான் மங்கிய வெள்ளையும் பழுப்புமாகப் பூக்கள் விரியும். மழை வந்த பிறகே இலை. தண்ணீரை எல்லாம் கிழங்கில் சேர்த்து வைத்துக்கொள்வதால் தினமும் ஊற்ற வேண்டியதில்லை. குளிர்நாட்டுச் செடியை வாங்கி வைத்து மே மாதத்தில் சாகக் கொடுக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டச்செடி எது? மணலும் சரளையும் கலந்த தொட்டி போதும். நீர் மட்டும் தேங்கக் கூடாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கிழங்கில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கும் சமையலறைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். கோட்டை மலையில் போய்த் தோண்டாதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சொந்த நிலத்தில் விளைந்ததிலிருந்து விதையோ பக்கக் கிழங்கோ எடுத்து வளர்க்கலாம்.

ராஜகிரியில் மராட்டியர் வந்தார்கள், முகலாயர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர் 1750-ல் வந்தார்கள், ஆங்கிலேயர் 1761-ல் வந்தார்கள். எல்லோரும் போய்விட்டார்கள். ஆயாவும் போய்விட்டார். அந்தக் கரட்டில் நரி வெங்காயம் மட்டும் போன கோடையிலும் பூத்திருந்தது. இந்த முறை நான் தோண்டவில்லை.