சங்ககிரியில் தூக்கு ஏன்?

நமது விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்குச் சங்ககிரி மலைக்கோட்டை புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமையானால் வாடகை சைக்கிளில் கிளம்பிவிடுவோம். அப்படிப் போன ஒரு நாளில்தான் திருநெல்வேலி நண்பன் ஒருவன், "எங்க கட்டபொம்மன் மாதிரி உங்க பக்கம் யாருல இருக்கா?" என்று சீண்டினான். "இந்தக் கோட்டையிலதாம்ப்பா சின்னமலையைத் தூக்குல போட்டாங்க" என்றோம். "ஏன், இங்க கொண்டாந்து?" என்றான். பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பிற்பாடு தேடிப் படித்ததை இம்மலரில் பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டபொம்மன் கதை எல்லோருக்கும் தெரியும்; 1959-இல் வந்த சிவாஜி படம் அதைப் பட்டிதொட்டியெல்லாம் சேர்த்துவிட்டது. கிஸ்தித் தகராறு, 1798-இல் இராமநாதபுரத்தில் ஜாக்சனுடன் மோதல், புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டது, 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்ணெதிரே தீர்ப்புச் சொன்னார்கள். பயம் காட்டத்தான்!

மருது சகோதரர்கள் இன்னொரு படி மேலே போனார்கள் என்பது என் கருத்து. கட்டபொம்மன் காத்தது தன் பாளையத்தை. சின்ன மருதுவோ 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் அறிக்கை ஒட்டி, சாதி மதம் பாராமல் எல்லோரையும் வெள்ளையனுக்கு எதிராக அழைத்தார். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

இனி நம்ம ஊர் விஷயம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் நாமக்கல்லும் கம்பெனி வசமாகிவிட்டன. ரீடும் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, குடியானவனிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைப் பழகிப் பார்த்தார்கள். காவிரிக்கு அந்தப் பக்கம், கோயமுத்தூர்ச் சீமை, 1799 வரை திப்புவிடமே இருந்தது. ஏழு வருஷம் ஆறுதான் எல்லை!

அந்தக் கரைக்காரர் தீரன் சின்னமலை. காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரி. திப்புவுக்குத் துணை நின்றவர். 1799 மே மாதம் திப்பு விழுந்த பிறகும் அடங்கவில்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1800 ஜூனில் கோவையில் கம்பெனிப் படையைத் தாக்கக் கிளர்ச்சிக்காரர்கள் போட்ட திட்டம் தோற்றது. அடுத்த ஆண்டு மருதுவும் போனார். அதற்குப் பிறகும் நாலு வருஷம் இவர் தாக்குப்பிடித்தாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம். பின்னால் பாளையமும் இல்லை, துணைக்கு ராஜாவும் இல்லை.

சமையல்காரன் காட்டிக்கொடுத்ததாக மக்கள் சொல்வார்கள். 1805 ஜூலை 31, ஆடிப் பதினெட்டு. தம்பிமாரோடும் கருப்பனோடும் அவரைத் தூக்கிலிட்டது சங்ககிரியில். அவர் ஆட்கள் நிறைந்த கரையில் அல்ல. பதின்மூன்று வருஷமாகக் கம்பெனி கால் ஊன்றியிருந்த இந்தக் கரையில். கயத்தாற்றில் பயமுறுத்தக் கூட்டம் கூட்டியவர்கள், இங்கே கூட்டத்துக்குப் பயந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

நண்பனுக்கு இதை எழுதிப் போட்டேன். "அடுத்த ஆடி பதினெட்டுக்கு வர்றேன், மலை ஏறலாம்" என்று பதில் வந்தது.