கோப்பு அடுக்கிய சிறை

ஜெர்மனியின் கொலோன் நகரில், அப்பெல்ஹோஃப் சதுக்கத்தருகே நிற்கிறது 'எல்-டே' மாளிகை. லியோபோல்ட் டாமன் என்ற நகை வியாபாரி கட்டியது. அவர் பெயரின் முதல் எழுத்துகளே கட்டடத்துக்கும் பெயராயின. வேலை முடிவதற்குள்ளேயே, 1935-ல், ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. மாடிகளில் அலுவலகம். நிலவறையில் 10 சிறையறைகள்.

முதலில் சிக்கியவர்கள் அரசியல் எதிரிகள். போர் முற்றியபோது, கட்டாய வேலைக்காக ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இழுத்து வரப்பட்டவர்களே அதிகம். ஓரிருவர் இருக்கவேண்டிய அறையில் முப்பது பேர்வரை புளிமூட்டையாக அடைத்தார்கள். உள்முற்றத்திலேயே தூக்குமரம் நட்டார்கள். அதில் மாண்டவர்கள் நூற்றுக்கணக்கானோர்.

அந்தக் கைதிகள் சுவரெல்லாம் எழுதினார்கள். பென்சில், சாக்பீஸ், கரித்துண்டு, உதட்டுச்சாயம் என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு எழுதினார்கள். எதுவும் கிடைக்காதவர்கள் ஆணியாலும் நகத்தாலும் கீறினார்கள். பெயர்கள், முகங்கள், நாள் எண்ணக் கிழித்த கோடுகள், வீட்டு ஏக்கம். 1945 பிப்ரவரியில் ரஷ்ய மொழியில் எழுதிய இரு நண்பர்கள், தூக்கிலிடப்பட்டவர்களின் கணக்கையும் சேர்த்தே குறித்துவைத்தார்கள். மொத்தம் சுமார் 1,800 எழுத்துகளும் படங்களும் இன்றும் இருக்கின்றன.

1945 மார்ச்சில் அமெரிக்கப் படை வந்து சேர்ந்தபோது நகரின் மையம் இடிபாட்டுக் குவியல். எல்-டே மட்டும் பெரிய சேதமில்லாமல் நின்றது! கெஸ்டபோ காலி செய்த அறைகளுக்கு நகராட்சி அலுவலகங்கள் குடிவந்தன. நிலவறை எதற்கு உதவியது தெரியுமா? பழைய கோப்புகளை அடுக்கிவைக்க.

1979-ல் குர்ட் ஹோல் என்ற ஆசிரியரும் கெர்னோட் ஹூபர் என்ற புகைப்படக்காரரும், அலுவலகம் பூட்டும் நேரத்தில் உள்ளேயே பதுங்கிக்கொண்டார்கள். இரவு முழுக்கச் சுவர்களைப் படமெடுத்தார்கள். படங்கள் வெளியானதும் ஊர் கொதித்தது. நகர மன்றம் இறங்கிவந்தது. 1981 டிசம்பர் 4-ல் சிறை நினைவிடமாகத் திறக்கப்பட்டது. மாடிகளில் நிரந்தரக் கண்காட்சி வர 1997 ஆகிவிட்டது.

போர் முடிந்து நினைவிடம் திறக்க 36 ஆண்டுகள். சாட்சியம் இத்தனை காலமும் அதிகாரிகளின் காலடியிலேயேதான் கிடந்தது. இந்த நினைவிடத்தை நகராட்சியின் சாதனையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இருவரும் அன்றிரவு விதியை மீறியிருக்காவிட்டால், என்றைக்கோ ஒருநாள் அந்தச் சுவர்களுக்கு வெள்ளையடித்து முடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.