சாவி போட்ட வண்டி

சங்கரன்கோவில் பக்கம் புதுக் கார் எடுப்பவர்கள் அதைச் சங்கரநாராயணர் கோவில் வாசலுக்குக் கொண்டுவந்து பூசை போடுவதுண்டு. தேங்காய் பழத் தட்டில் சாவியும் இருக்கும். சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் ‘சாவியப் போடுங்க’ என்பார்கள். கார் எந்த நாட்டுக் கம்பெனியுடையதாகவும் இருக்கட்டும், தட்டில் இருக்கும் சாவியின் பெயர் போர்ச்சுகலிலிருந்து வந்தது.

போர்த்துக்கீசிய மொழியில் திறவுகோலுக்குச் ‘சாவே’ என்று பெயர். அதற்கு மூலம் லத்தீனின் ‘கிளாவிஸ்’. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துக்கீசியர், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் முத்துக்குளித்துறையில் காலூன்றிவிட்டார்கள். அவர்கள் காலத்தில்தான் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் தமிழில் அச்சேறியது. ஜன்னல், அலமாரி, மேசை, மேஸ்திரி, ஏலம் எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவைதான். அலமாரி வந்தால் சாவியும் வரத்தானே செய்யும்?

தமிழில் அதற்குமுன் பெயர் இல்லாமல் இல்லை. திறவுகோல் இருந்தது. குமரி மாவட்டத்தில் இன்றும் ‘தாக்கோல்’ காதில் விழும். அது தாழைத் திறக்கும் தாழ்க்கோல், மலையாளத்திலும் அதே சொல்தான். யாழ்ப்பாணத்தில் கார்ச் சாவிக்கும் ‘திறப்பு’ என்றே பெயர். நம் பக்கம் சாவி வென்றதில் ஒரு வேடிக்கை உண்டு. கரிசல் காட்டுச் சம்சாரிக்குச் ‘சாவி’ என்றால் மணி பிடிக்காமல் கருகிய பயிர். மழை ஏமாற்றினால் ‘எல்லாம் சாவியாப் போச்சு’ என்பார். சிவனும் திருமாலும் ஓருடலாய் நிற்கும் ஊருக்கு, ஒரு சொல்லில் இரு பொருள் பெரிய விஷயமில்லை.

சாவிக்குத் துணையான ‘பூட்டு’ நம் சொல். பிணைப்பதே அதன் அடிப்படைப் பொருள். மாட்டை நுகத்தில் பூட்டுவார்கள், அதற்குப் பூட்டாங்கயிறு உண்டு. சித்திரையில் பொன்னேர் பூட்டுவார்கள். அன்றைக்கு ‘வண்டி பூட்டியாச்சு’ என்றால் ஏறி உட்காரலாம் என்று அர்த்தம். இன்றைக்கு அதே வார்த்தைக்கு, இறங்கி வீட்டுக்குள் போகலாம் என்று அர்த்தம். புறப்பாட்டுக்கு உரிய சொல் நிறுத்தத்துக்கு உரியதாகிவிட்டது. புறப்பாட்டைச் சாவி எடுத்துக்கொண்டது.

அதையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்பகாலக் கார்களை முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் காரில் மின்சார ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ வந்தது. அப்போதும் அதை இயக்கத் தனிப் பொத்தானோ மிதியோதான். சாவியைத் திருப்பினாலே இன்ஜின் சுற்றும் ஏற்பாட்டை 1949இல் கிறைஸ்லர் கம்பெனி கொண்டுவந்தது. நம் மெக்கானிக்குகள் ‘ஸ்டார்ட்டரை’ வெட்டிவிட்டுச் ‘செல்ஃபை’ மட்டும் வைத்துக்கொண்டார்கள். ‘செல்ஃப் அடி’, ‘செல்ஃப் எடுக்கல’ என்ற பேச்சு அப்படிப் பிறந்தது.

சாவித் துவாரத்தைச் சுற்றி லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என்று நான்கு நிலைகள். லாக்கில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சாவி திரும்ப மறுத்தால் ஸ்டியரிங்கை லேசாக அசைத்துக்கொண்டே திருப்ப வேண்டும். ஆன் நிலையில் எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஸ்டார்ட் ஸ்பிரிங் வைத்தது. இன்ஜின் பிடித்ததும் கையை விட்டால் சாவி தானே ஆனுக்குத் திரும்பிவிடும். இந்த ஸ்விட்சின் பெயர் ‘இக்னிஷன்’. அதன் வேர் லத்தீனில் நெருப்பைக் குறிக்கும் ‘இக்னிஸ்’, நம் வாயில் புழங்கும் அக்கினியின் உடன்பிறப்பு. இதை ‘எரியூட்டல்’ என்று மொழிபெயர்த்தால் அகராதிக்குப் பொருந்தும், பூசை போட்ட புது வண்டிக்குப் பொருந்தாது. எரியூட்டுவது சுடுகாட்டுச் சொல்லாயிற்றே.

சாவி போட்டதோடு புது வண்டி வசத்துக்கு வந்துவிடாது. ‘ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் மிதிக்காதீங்கண்ணே’ என்பார் மெக்கானிக். ஆங்கிலத்தில் இது ‘ரன்னிங் இன்’. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் உரசிப் பதிந்து உட்காரும்வரை முழு வேகமும் முழுப் பாரமும் ஆகாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் ஆகாது. இதற்கு நம்மிடம் உள்ள சொல் ‘பழக்குதல்’. இளங்காளையைப் பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டி, பாரமில்லாமல் நடத்திப் பழக்கியவர்களுக்கு இந்த விதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்கள் வந்துவிட்டன. அவற்றில் சாவி துவாரத்துக்குள் போவதே இல்லை, சட்டைப்பையில் கிடந்தபடி சமிக்ஞை மட்டும் அனுப்புகிறது. பல்லும் தண்டும் போன பிறகும் பெயர் போகவில்லை. கடன் வாங்கிய சொல் இவ்வளவு உறுதியாக நிற்பதற்குக் காரணம், அதோடு வரும் வினைகள். சாவி வெளியூர், போடு உள்ளூர். செல்ஃப் வெளியூர், அடி, எடு இரண்டும் உள்ளூர். பொருளின் பெயரைக் கப்பல் கொண்டுவரலாம். அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதை நம் வினைச்சொல்தான் சொல்கிறது. சாவிக்குத் தூய தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள், நானூறு ஆண்டுகளாக அதைத் தமிழாக்கிவைத்திருக்கும் அந்தச் சின்ன வினைகளை முதலில் கணக்கில் எடுக்கட்டும்.