காய்ச்சல் முகாமும் பொதுச் சுகாதாரத் துறையும்: லோயர் கேம்ப்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்
பெரியாறு அணைக் கட்டுமானத்தின்போது (1887–1895) தொழிலாளர்க்கு அளிக்கப்பட்ட மருத்துவம், பணி தடைப்படாமல் காக்கும் ஏற்பாடாகவே அமைந்தது. நோயைத் தடுப்பது அரசுத் துறையொன்றின் நிலையான கடமையாகியது பின்னரே. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டை, அணைப்பணியால் உருவான லோயர் கேம்ப் என்னும் ஊரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: லோயர் கேம்ப், பெரியாறு அணை, மலேரியா, பொதுச் சுகாதாரத் துறை, புலம்பெயர் உழைப்பு.

முன்னுரை
கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரைக் கடந்து, குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் லோயர் கேம்ப் அமைந்துள்ளது. பட்டி, புரம், ஊர் என முடியும் பெயர்களுக்கு இடையே இவ்வூர் ‘முகாம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே அறியப்படுகிறது. முகாம் என்பது வேலை முடிந்ததும் கலைவது. ஊர் என்பது நிலைப்பது. முகாமில் உள்ளவர் தொழிலாளர். ஊரில் உள்ளவர் குடிமக்கள். இவ்வேறுபாடு சுகாதார வரலாற்றிலும் முதன்மையானது. இங்கு எழுப்பப்படும் வினா ஒன்றே: அரசு யாருடைய உடல்நலத்தைத் தன் பொறுப்பாகக் கருதியது?

அணைப்பணியும் காய்ச்சலும்
1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண ஆட்சிக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் பணி தொடங்கிற்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 அடி உயரத்தில், அடர்ந்த காட்டின் நடுவே அணை எழுந்தது. மேற்கே பாய்ந்த நீர், மலையைக் குடைந்த ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள சுரங்கவழி கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. சமவெளியிலிருந்து திரண்ட கூலியாட்களுடன் சென்னைப் பயனியர் படைப்பிரிவினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும் இப்பணியில் ஈடுபட்டனர்.

பொதுப்பணித் துறையின் ஏ. டி. மெக்கன்சி எழுதி 1899இல் வெளியான பெரியாறு திட்ட வரலாறு, இப்பணியைப் பற்றிய அடிப்படை ஆவணமாகும். வெள்ளம், காட்டு விலங்கு, போக்குவரத்து ஆகியவற்றோடு காய்ச்சலும் பணிக்கு இடையூறாக நின்றது. நோயுற்றோர்க்கு மருத்துவமனை வசதி செய்யப்பட்டது. காய்ச்சல் மிகும் மாதங்களில் பணி நிறுத்தப்பட்டது. நாட்டுச் சாராயத்தின் துணையின்றி இவ்வணை முடிந்திராது என்ற கருத்துக்கூடப் பிற்கால இராணுவப் பொறியியல் வரலாற்றில் இடம்பெற்றது. நோயால் இறந்து அணைக்கு வடக்கே அடக்கம் செய்யப்பட்டோர் 483 பேர் என்னும் எண்ணிக்கை பரவலாக எடுத்தாளப்படுகிறது.

இவ்வெண்ணிக்கையைக் கவனத்துடன் அணுக வேண்டும். இது பணியிடத்தில் அடக்கம் செய்யப்பட்டோரின் கணக்கு. மலேரியா ஒருவரை உடனே கொல்வதைவிட, மீண்டும் மீண்டும் வந்து மெலிவிப்பதே மிகுதி. காய்ச்சலுடன் மலையிறங்கித் தம் ஊரில் இறந்தவர் இக்கணக்கில் சேர வழியில்லை. எனவே இறப்பின் முழு அளவு இதனினும் மிகுந்திருக்கும் எனக் கொள்வதே பொருத்தமாகும். அடக்கத்தலக் கணக்கு வேலைத்தலத்தின் எல்லையோடு நின்றது. நோயோ அவ்வெல்லையில் நிற்கவில்லை.

காரணம் அறியப்படாத காலம்
அன்றைய பொறியாளர்களையும் மருத்துவர்களையும் இக்கால அறிவுகொண்டு மதிப்பிடுதல் தகாது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையின் நீரைத் திறந்துவைத்தார். கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்ட் ரோஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள். அணை எழுந்த ஆண்டுகள் முழுவதும், காட்டுக் காய்ச்சலுக்கு அழுகிய இலைகளிலிருந்தும் சதுப்பிலிருந்தும் எழும் நச்சுக்காற்றே காரணம் என்ற கருத்து வலுவாயிருந்தது. கொசுவலையும் நீர்த்தேக்கக் கண்காணிப்பும் தடுப்பு முறைகளாக எண்ணப்படவில்லை.

மருந்து இல்லாமலும் இல்லை. நீலகிரியில் 1860 முதலே அரசு சின்கோனா மரங்களை வளர்த்தது. நடுவட்டத்தில் கொயினா உற்பத்தியும் நடைபெற்றது. ஆயினும் கொயினா நோயுற்றவரைக் காக்குமேயன்றி நோய் பரவும் சூழலை மாற்றாது. ஆகவே முகாம் மருத்துவம் என்பது சிகிச்சையும் விலகலும் மட்டுமே: நோயுற்றவருக்கு மருந்து, கொடிய பருவத்தில் முகாமைவிட்டு நீங்குதல்.

துறையும் சட்டமும்
சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையர் பதவி 1864 முதல் இருந்தது. எனினும் அது பெரிதும் அறிவுரை கூறும் பதவியாகவே செயற்பட்டது. செலவும் செயலும் உள்ளாட்சி அமைப்புகளிடம் இருந்தன. 1922இல் பொதுச் சுகாதாரத் துறை உருவானதும், அதன் தொடர்ச்சியாக மாவட்டச் சுகாதார அலுவலர்கள் அமர்த்தப்பட்டதும் இந்நிலையை மாற்றின. துறையின் இயக்குநராக இருந்த ஏ. ஜே. எச். ரஸ்ஸல், மாகாணத்தில் காலரா பரவும் காலச்சுழற்சியைப் புள்ளிவிவரங்கள்வழி ஆராய்ந்தார். கொள்ளைநோய் வந்தபின் ஓடுவதினும், அது வரும் காலத்தை முன்கூட்டி அறிய முயல்வது புதிய அணுகுமுறையாகும்.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இவ்வணுகுமுறைக்குச் சட்ட வடிவம் தந்தது. குடிநீர், கழிவு, தொற்றுநோய் அறிவிப்பு, கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், திருவிழாக்காலச் சுகாதாரம் ஆகியவை ஒரே சட்டத்துள் அடங்கின. உள்ளாட்சி அமைப்புகள் தம் வருவாயில் ஒரு பங்கைச் சுகாதாரத்திற்கென ஒதுக்க வேண்டியவையாயின. நலம் காத்தல் திட்ட அதிகாரியின் இரக்கத்தைச் சாராது கடமையானது இங்கேதான்.

நீர் தந்த பயிரும் நோயும்
இம்மாற்றத்தின் தேவையைத் தஞ்சைப் பகுதியின் பட்டறிவு மெய்ப்பித்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தபின், புதிய கால்வாய்ப் பாசனம் பெற்ற பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா பெருகியது. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சார்ந்த பால் ரஸ்ஸல் குழுவினர் அங்கு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் கொசுவின் இனப்பெருக்க இடங்களை ஆராய்ந்ததோடு, வீடுகளுக்குள் பைரித்ரம் தெளித்துக் கொசுக்களைக் கொல்லும் முறையையும் சோதித்தனர். அணை கட்டும் இடத்தில் மட்டுமன்று, அதன் நீர் பாயும் இடத்திலும் சுகாதாரம் கேட்கப்பட வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. பெரியாற்றுத் திட்டக் காலத்தில் இவ்வினாவை எழுப்புவதற்கான அறிவும் இல்லை, துறையும் இல்லை.

லோயர் கேம்ப்பில் பெரியாறு நீர்மின் நிலையம் 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கியபோது சூழல் வேறாக இருந்தது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் நடைமுறைக்கு வந்திருந்தன, டி.டி.டி. தெளிப்பு வேலைத்தல வேலியைக் கடந்து வீடுதோறும் சென்றது. எனினும் கண்காணிப்புத் தளர்ந்தபோது நோய் மீண்டது: 1976இல் நாடு முழுவதும் 64 இலட்சத்திற்கும் மேற்பட்ட மலேரியா நோயாளிகள் பதிவாயினர். பொதுச் சுகாதாரம் கட்டிமுடிக்கும் பணியன்று என்பதை இவ்வீழ்ச்சி உணர்த்தியது.

எல்லையில் நிற்கும் வினா
இன்றும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெருந்தொகையான தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். வேலைத்தலம் ஒரு மாநிலத்தில். வீடு மற்றொரு மாநிலத்தில். தோட்டத்தில் பற்றிய காய்ச்சல் வீட்டில் வெளிப்படின், அதனைப் பதிவது ஒரு மாநிலத்தின் ஆரம்பச் சுகாதார நிலையம். நோய் தோன்றிய இடத்தில் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டியது மற்றொரு மாநிலத்தின் துறை. கோவிட் காலத்தில் எல்லைச் சோதனைச் சாவடிகள் இப்போக்குவரத்தை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தன. ஆனால் சாவடி மனிதரை நிறுத்துமேயன்றி அவரது நோய்வரலாற்றைத் தொடர்வதில்லை.

முடிவுரை
பென்னிகுயிக்கிற்கு 2013இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அணையின் நினைவு பொறியாளரின் பெயரோடு நிலைபெற்றுள்ளது. காய்ச்சலில் மாண்டோர் ஓர் எண்ணிக்கையாகவே எஞ்சுகின்றனர். அவ்வெண்ணிக்கையின் குறைபாடு தற்செயலானதன்று. பணிக்காக ஏற்பட்ட மருத்துவம் பணியிடத்தோடு தன் பார்வையை முடித்துக்கொண்டதன் விளைவு அது. 1922க்கும் 1939க்கும் இடையே தமிழகம் கண்ட மாற்றத்தின் சாரம், தொழிலாளரின் உடலிலிருந்து வாழுநரின் சூழலுக்கு அரசின் கவனம் நகர்ந்ததே. நாள்தோறும் எல்லை கடக்கும் உழைப்பாளரை இரு மாநிலத் துறைகளும் ஒரே பதிவில் தொடரும்போதே அம்மாற்றம் இப்பள்ளத்தாக்கில் முழுமை பெறும்.