பாட்டன் கைமாற்றிய தக்காளி விதை



இரசத்திற்கு இன்றியமையாததாகிவிட்ட தக்காளி தமிழ் மண்ணில் தோன்றிய பயிரன்று. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியே அதன் பூர்வீகம். மெக்சிகோ மக்கள் அதனைப் பண்படுத்திப் பயிரிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் போர்த்துகீசியர் வழியாக அது இந்தியாவை அடைந்தது. தக்காளி என்னும் பெயர் மணத்தக்காளி போன்ற சிறு செடிகளுக்கு முன்பே வழங்கியதால், புதிதாக வந்ததைத் தமிழர் சீமைத்தக்காளி என்றனர். காலப்போக்கில் ‘சீமை’ உதிர்ந்தது. விருந்தாளி வீட்டுப்பிள்ளை ஆயிற்று.

தக்காளிப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகவே வழிவழி வந்த இரகத்தின் விதையைச் சேமித்தால், பாட்டன் சுவைத்த பழத்தைப் பேரனும் சுவைக்கலாம். கலப்பின விதை அத்தகையதன்று. அமெரிக்காவில் பர்பி நிறுவனம் 1949இல் வெளியிட்ட ‘பிக் பாய்’ போன்ற கலப்பினங்கள் மிகுந்த விளைச்சல் தந்தன. ஆயினும் அவற்றின் விதையை மீண்டும் விதைத்தால் தாய்ச்செடியின் குணம் மாறிவிடும். ஒவ்வொரு பருவமும் புதிய விதை வாங்க வேண்டும். விதை சேமிக்கும் வழக்கம் குறையக் குறைய, பழைய இரகங்கள் பல மறைந்தன.

இந்நிலையில் டயான் ஓட் வீலி என்ற அமெரிக்கப் பெண்மணியிடம் அவருடைய பாட்டனார் ‘ஜெர்மன் பிங்க்’ என்னும் தக்காளியின் விதையை ஒப்படைத்தார். 1880களில் பவேரியாவிலிருந்து குடிபெயர்ந்த முன்னோர் கொண்டு வந்த விதை அது. அதனைக் காக்க எண்ணிய டயானும் அவர்தம் கணவர் கெண்டும் 1975இல் தொடங்கிய விதை சேமிப்போர் அமைப்பு, இன்று 20,000க்கும் மேற்பட்ட பயிர் இரகங்களைப் பாதுகாக்கிறது.

இதனைப் படித்தபோது நம் தோட்டப்புற வாழ்வே என் நினைவுக்கு வந்தது. லயத்து வீடுகளின் பின்புறம் கத்தரியும் அவரையும் மிளகாயும் காய்த்தன. கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் வாழ்ந்த என் பாட்டி, முற்றிய முதல் காயை விதைக்கென்றே விட்டுவைப்பார். அவ்விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பார். பின்னர் தோட்டங்கள் நகரங்களாயின. 1998 காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்ற புக்கிட் ஜாலிலும் முன்னாளில் இரப்பர் தோட்டமே. அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோர் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிச் சென்றனர்; பலருக்கு விதைக்க மண் இல்லாது போயிற்று.

இன்று பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் முகப்பிலும் ஒரு பூந்தொட்டிக்கு இடமுண்டு. நம் தாழ்நில வெப்பத்தில் பெரிய தக்காளியின் பூக்கள் உதிர்ந்துவிடும். சிறுபழ இரகங்கள் ஓரளவு தாங்கும். கத்தரி, மிளகாய் வாடிய மண்ணைத் தவிர்த்துப் புதுமண் இடுங்கள். அவ்வாடல் நோய் தக்காளியையும் தாக்கும். நன்கு பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். உறையிலிட்டுக் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைத்தால் சில ஆண்டுகள் முளைப்புத்திறன் குன்றாது.

அந்த உறையின்மேல் இரகத்தின் பெயர், ஆண்டு, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பிள்ளைகளையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். மன்னர்களின் ஆண்டுகளை மனனம் செய்யும் மாணவர், தம் குடும்ப வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கும் முதல் ஏடாக அது அமையட்டும்.